ஐந்தாம் ப்ளாக்கில் விரிசல் இல்லை

கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இல்லை.

குமுதவல்லி அந்தக் காங்கிரீட் உருளையை மேஜை விளக்கின் கீழே மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடித் தடிமன், ஒரு சாண் நீளம். சங்குமுனைக் குடியிருப்பின் நாலாம் ப்ளாக்கில், கீழ்த்தளத் தூண் ஒன்றில் துளை போட்டு எடுத்து அனுப்பியிருந்தார்கள். வருஷா வருஷம் வருவதுதான். துளை போடுகிறவன் எப்போதும் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியில் படாமல் ஒதுங்கியே போடுவான். இந்தத் தடவை ஆள் புதுசு போலிருக்கிறது. கம்பியோடு சேர்த்து அறுத்துவிட்டான். அறுத்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இரும்பு பளபளக்க வேண்டும். வட்டமாக ஒரு ஓட்டைதான் இருந்தது. உருளையைத் தட்டினாள். காப்பித்தூள் மாதிரி துரு மேஜைமேல் கொட்டியது. நடுவில் ஈர்க்குச்சி கனத்துக்கு ஒரு துண்டு மிச்சம்.

சுற்றியிருந்த காங்கிரீட்டோ நேற்றுப் போட்டதுபோல வழவழவென்று இருந்தது.

அந்த வழவழப்பு அவளுடைய வேலை. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், சிமெண்ட் கம்பெனியில் சேர்ந்த புதிதில், அவள் கலந்து பார்த்த எழுபத்தொன்றாவது கலவை. நூறு கிலோ சிமெண்டுக்கு ஒரு கிலோ அந்த வெள்ளைப் பொடியைச் சேர்த்தால் போதும். பின்னாளில் எங்கேயாவது மயிரிழை விரிசல் விட்டால், அதன் வழியாக ஈரம் உள்ளே போகும், ஈரம் பட்டதும் பொடி கரைந்து சுண்ணாம்புக் கல்லாக வளரும், விரிசல் மூடிக்கொள்ளும். புண் ஆறுவதுபோல. ‘ஆறாத விரிசல் எங்களிடம் இல்லை’ என்று கம்பெனி விளம்பரம் போட்டது. மூன்று விருதுகள் வந்தன. கடலோரம் நெடுகக் கட்டிய வீடுகளில் எழுபத்தொன்று சேராத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது.

அந்த நாளில் ஒரே ஒரு ஆள், வயதான பொறியாளர் ஒருவர், அவளிடம் கேட்டார். “விரிசல் ஆறிடும். சரிம்மா. உள்ள இருக்கிற கம்பி?”

“விரிசலே இல்லைன்னா உப்பு எப்படி சார் உள்ள போகும்?” என்று அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

உப்பு விரிசலுக்காகக் காத்திருக்கவில்லை. இருபது வருஷம் கடல்காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகப் பொறுமையாக ஊறிப் போயிருந்தது.

அவள் மேலதிகாரி சம்பத்தைப் போனில் கூப்பிட்டாள்.

“கம்பி துருப்பிடிச்சா வீங்கும் சம்பத். வீங்கிக் காங்கிரீட்டைப் பிளக்கும். சாதாரணக் கட்டடத்துல விரிசல் வரும், பழுப்பா தண்ணி ஒழுகும், ஜனங்க பாத்து பயந்து இறங்கிடுவாங்க. இங்க அது பிளக்கப் பிளக்க நம்ம பொடி மூடிக்கிட்டே வந்திருக்கு. கட்டடம் கத்தக் கத்த நாம வாயைப் பொத்தியிருக்கோம்.”

“ஒரே ஒரு சாம்பிள், வல்லி.”

“அதுல கம்பியே இல்லைங்கிறேன்.”

“எழுதிக் கொடு. திங்கட்கிழமை கமிட்டியில வைப்போம். அதுவரைக்கும் வெளிய பேசாத. பதினோராயிரம் கட்டடம் இருக்கு, தெரியுமில்ல?”

அன்று செவ்வாய். அவள் உருளையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கம்பியின் கனம் பார்க்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு, மதுரையிலிருந்து வண்டியை விட்டாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஆறு ப்ளாக்குகள். ஒவ்வொன்றிலும் ஒன்பது மாடி, ஐம்பத்துநாலு குடும்பம். கீழ்த்தளத்தில் சுவர் கிடையாது; பன்னிரண்டு தூண்கள், அவற்றுக்கிடையே மோட்டார் சைக்கிள்களும் வலைகளும் ஐஸ் பெட்டிகளும். நாலாம் ப்ளாக்கின் பன்னிரண்டு தூண்களிலும் கருவியை வைத்துப் பார்த்தாள். ஒன்பதில் கம்பி பாதிக்குமேல் போயிருந்தது.

“என்னம்மா, தூணுக்குக் காய்ச்சலா? டெம்ப்ரேச்சர் பாக்குதீய?”

கேட்டவள் பிலோமினா. குடியிருப்புச் சங்கத் தலைவி; காலையில் ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்பவள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரல் கடலைத் தாண்டிக் கேட்கும். அவளுக்குப் பின்னால் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் போடும் ஆசீர் நின்றிருந்தான்.

குமுதவல்லி எதையும் மறைக்கவில்லை. தான் யார், பொடி என்ன செய்யும், துரு என்ன செய்திருக்கிறது, எல்லாம் சொன்னாள். உருளையை எடுத்துக் காட்டினாள். பிலோமினா அதை வாங்கி, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

“நான் பொறந்து வளந்த காலனி வீட்ல கூரை காரை பேந்து எங்க அண்ணன் தலையில விழுந்துச்சு. விரிசல் பாத்தே வளந்தவ நான். எது பொய் விரிசல், எது ஆளைக் கொல்லுத விரிசல்னு எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு நாங்க ஏழு வருஷம் மறியல் பண்ணியிருக்கோம். இப்ப ஒரு கல்லுத்துண்டைக் காட்டி எறங்குன்னா எவ எறங்குவா?” தூணை உள்ளங்கையால் தட்டினாள். “எனக்கு விரிசலைக் காட்டுங்க. நானே எல்லாத்தையும் எறக்கி விடுதேன்.”

“ரொம்ப நாள் தாங்காதுக்கா. மேல பாரம் ஏத்தாம இருந்தா…”

ஆசீர் குறுக்கிட்டான். “மேடம், நாளைக்கு ரெண்டு மணிக்குத் தண்ணி வருது. கோடைக்குன்னு நாலுலயும் அஞ்சுலயும் மொட்டைமாடியில புதுத் தொட்டி வச்சிருக்காங்க. நாப்பதாயிரம் லிட்டர். நாளைக்குத்தான் முதல் தடவையா நெறைக்கப் போறோம்.”

நாற்பதாயிரம் லிட்டர் என்றால் நாற்பது டன்.

கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். “மேடம், காலி பண்ற உத்தரவுக்கு முதல்ல விரிசலோட அகலம் போடணும். மில்லிமீட்டர்ல.”

“விரிசல் இல்லைம்மா. அதான் ஆபத்தே.”

“சைபர் போட்டா கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது மேடம்.”

போனை வைத்துவிட்டுத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழவழவென்று, மாசு மறு இல்லாமல், அவள் பெயர் சொல்லும் தூண். பிறகு ஆசீரிடம் கேட்டாள்: “பக்கத்துல கடை எங்க இருக்கு? எனக்கு முப்பது கிலோ சீனி வேணும்.”

சிமெண்டுக்குச் சீனி ஆகாது. கலவையில் ஒரு கைப்பிடி விழுந்தாலே இறுகாமல் கொழகொழத்துக் கிடக்கும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். சுண்ணாம்பையும் அது கரைக்கும். பரிசோதனைக் காலத்தில் எழுபத்தொன்றைத் தோற்கடித்த ஒரே பொருள் சீனித் தண்ணீர்தான். அதை அவள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதி முடித்திருந்தாள். ஆறிய தழும்பை அது திறக்கும். தழும்புக்குப் பாரம் தாங்கும் வலு கிடையாது, அதனால் திறந்தாலும் தூண் இன்னும் மோசமாகாது என்று அவள் கணக்குப் போட்டாள். உறுதியாகத் தெரியுமா என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள்.

“சீனித்தண்ணியா?” என்றாள் பிலோமினா. “எறும்பு வருமே?”

“வரட்டும்.”

ஐஸ் பெட்டிகளை மூடும் பழைய சாக்குகளை சீனி கரைத்த வெந்நீரில் முக்கி, ஆறு தூண்களுக்குச் சுற்றிக் கட்டினார்கள். ஆசீர் கயிறு இறுக்கினான். பொழுது சாயும் நேரத்தில் வேலை முடிந்தது. பிலோமினா தன் வீட்டிலேயே அவளுக்குப் பாய் போட்டாள்.

காலையில் ஆசீர்தான் முதலில் பார்த்தான். அவன் கூப்பிட்ட குரலில் மூன்று மாடி ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்.

சாக்கை அவிழ்த்ததும் தூணிலிருந்து வெள்ளைக் கூழ் வழிந்தது. அதற்கடியில், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, நேர்கோடாக ஒரு பிளவு. அதன் பக்கத்தில் இன்னொன்று. எறும்புகள் வரிசை கட்டி ஏறிப் பிளவுக்குள் நுழைந்து போய்க்கொண்டிருந்தன. வந்த வழியே எதுவும் திரும்பவில்லை. தூணின் மறுபக்கத்திலிருந்து வெளியே வந்தன. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும் அளவுக்கு உள்ளே வெற்றிடம் இருந்தது. சற்று நேரத்தில் பழுப்பு நீர் கசிந்து தரையில் தேங்கியது.

பிலோமினா குனிந்து எறும்புகளைப் பார்த்தாள். எழுந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஏல ஆசீர், நாலாம் நம்பர் வால்வை மூடு,” என்றாள். பிறகு மேலே பார்த்துக் கத்த ஆரம்பித்தாள்.

பதினோரு மணிக்குள் நாலாம் ப்ளாக் காலி; ஜனமும் மூட்டைகளும் மைதானத்தில். தூணைப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு மூட்டை கட்டினார்கள். குமுதவல்லி பிளவின் அகலத்தை அளந்து, படத்தோடு அலுவலகத்துக்கு அனுப்பினாள். நாலு மில்லிமீட்டர். இந்தத் தடவை கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. நாலாம் ப்ளாக்கைக் காலிசெய்யும் உத்தரவு ஒரு மணிக்கு வந்தது. சம்பத்திடமிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன. அவள் எடுக்கவில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்தவள், முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காத அலுப்பில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது மூன்று மணி. கண்ணெதிரே ஒரு பெண் இடுப்பில் பிள்ளையும் தலையில் துணி மூட்டையுமாக ஐந்தாம் ப்ளாக்கின் படியேறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு குடும்பம். பின்னால் இரண்டு.

குமுதவல்லி எழுந்து ஓடினாள். “எங்க போறாங்க எல்லாரும்?”

“எங்க போவாங்க? அஞ்சாம் ப்ளாக்ல சொந்தக்காரங்க வீடு இருக்குல்லா,” என்றாள் பிலோமினா. “ஒவ்வொரு வீட்லயும் ஒரு குடும்பம்னு நான்தான் பிரிச்சு விட்டேன். நாலாம் ப்ளாக் தண்ணியையும் அதுக்கே திருப்பிவிடச் சொல்லிட்டேன். தொட்டி முக்காவாசி நெறஞ்சிருக்கும்.”

“அக்கா, அதே பொடிதான். அதே வருஷம், அதே மணல். ஆறு ப்ளாக்கும்…”

“அதுல விரிசல் இல்லையே.”

சொன்னதும் பிலோமினாவின் முகம் மாறியது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நின்றாள். குமுதவல்லி அதற்குள் ஐந்தாம் ப்ளாக்கின் மூலைத்தூணில் கருவியை வைத்துவிட்டிருந்தாள். நாலாம் ப்ளாக்கில் பாதிக்குச் சற்றுக் கீழே நின்ற முள், இங்கே கால்வாசிக்கும் கீழே போய் நின்றது. அடுத்த தூண் அதைவிட மோசம். நாலைக் காப்பாற்றும் அவசரத்தில் அவள் ஐந்தை எண்ணிப்பார்க்கவே இல்லை. பாரம் இரட்டிப்பாகியிருந்தது: இரண்டு ப்ளாக் ஜனம், அவர்களுடைய சாமான்கள், மேலே முப்பது டன் தண்ணீர்.

“சீனி போட்டுக் காட்ட நேரமில்லைக்கா. நான் சொல்றதை நம்பணும்.”

பிலோமினா அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தாள். அது வெயிலில் மழமழவென்று, போன வாரம் கட்டியதுபோல நின்றது.

“நான் நம்புதேன். அவளுக நம்ப மாட்டாளுவ. இப்பதான் மூட்டையை எறக்கி வச்சிருக்காளுவ. விரிசல் இல்லாத வீட்டைவிட்டு எறங்குன்னா என்னையத்தான் பைத்தியம்பாளுவ.” சட்டென்று திரும்பினாள். “ஆசீர்! தொட்டியைக் காலி பண்ற குழா எங்கல விழுது?”

“வேலிப் பக்கம்க்கா. மைதானத்துல.”

“ஓடிப் போய்த் தெற. முழுசா தெற.”

ஆசீர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். ஐந்து நிமிஷத்தில் மைதானத்தின் கோடியில், பெரிய குழாயிலிருந்து நல்ல தண்ணீர் பீறிட்டுக் கொட்டியது. நாலு மாதமாக ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊர் அது. பிலோமினா கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஏலக்கூடத்துக் குரலில் கத்தினாள்.

“ஏய், தொட்டி ஒடஞ்சு போச்சு! நல்ல தண்ணி மண்ணுல போகுது! குடத்தை எடுத்துட்டு ஓடியாங்க! எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க! இன்னும் பத்து நிமிசந்தான்!”

ஜன்னல்கள் திறந்தன. அடுத்த கணம் படிக்கட்டு முழுக்கக் காலடிச் சத்தம். குடம், அண்டா, வாளி, குக்கர், குழந்தை குளிப்பாட்டும் தொட்டி, கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு இரண்டு ப்ளாக் ஜனமும் மைதானத்துக்கு ஓடியது. ஆண்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். தண்ணீருக்கடியில் நின்று சின்னதுகள் கூத்தாடின. வாசலில் நின்று பிலோமினா ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். கடைசி விரலில் நிறுத்தினாள்.

“ராயப்பன் அண்ணன். ஆறாம் மாடி. வாதத்துல படுத்துக் கெடக்காரு. அவர் மவன் கடலுக்குப் போயிருக்கான்.”

மேலே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஆசீரின் தலை தெரிந்தது. பிலோமினா கையை வாயில் குவித்து, அவரைத் தூக்கிவரச் சொன்னாள். அவன் சரி என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். இரண்டு மூன்று நிமிஷமாகியும் கீழே வரவில்லை. குமுதவல்லி படியை நோக்கி ஓடியபோது பிலோமினா அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தாள். “நீங்க போயி அவரைத் தூக்க முடியுமா? நில்லுங்க.” அங்கே நின்ற இரண்டு இளைஞர்களைப் பார்த்து, “ஏல, ஏறுங்கல,” என்றாள். அவர்கள் முதல் படியில் கால் வைத்தார்கள்.

பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. மூட்டையைக் கீழே போட்டதுபோல ஒரு ‘தொம்’. மூலைத்தூண் இருந்த இடத்தில் தூண் இல்லை. இளைஞர்கள் பின்னால் தாவினார்கள்; நாலு பேரும் மைதானத்தை நோக்கி ஓடினார்கள். பிறகு ஒன்பது மாடியும், ஒரு விரிசல்கூட விடாமல், நின்ற வாக்கிலேயே கீழே இறங்கியது.

தூசு அடங்க வெகுநேரம் ஆனது. மைதானத்தில் நானூறு பேர் கையில் குடத்தோடு நின்றார்கள். குழாய் வாயிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. யாரும் அழத் தொடங்கவில்லை. பிலோமினா மட்டும் அந்தக் கடைசி விரலை மடக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு, “ஆசீர், ஆசீர்,” என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரையும் மறுநாள் எடுத்தார்கள். ஆறாம் மாடியின் படிக்கட்டு ஓரத்தில், ராயப்பனை முதுகில் சுமந்தபடியே ஆசீர் கிடந்தான்.

மதுரையில் விசாரணைக் கமிஷன் கூடியது. கம்பெனியின் வக்கீல் எழுந்து, அனுமதி இல்லாமல் இந்த அம்மாள் தூண்களில் சீனித் தண்ணீர் ஊற்றியதுதான் விபத்துக்குக் காரணம் என்றார். நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சீனித் தண்ணீர் ஊற்றிய கட்டடம் எது?” நாலாம் ப்ளாக். அது இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஊற்றாத கட்டடம்தான் விழுந்தது. வக்கீல் உட்கார்ந்தார்.

குமுதவல்லி தன்மேல் விழுந்த பழியை ஒதுக்கவில்லை. பழைய பொறியாளர் கேட்ட கேள்வியையும், தான் சிரித்ததையும் சாட்சியாகவே சொன்னாள். ஆசீரின் மனைவி அன்று வந்திருந்தாள். இடைவேளையில் குமுதவல்லி அவள் அருகே போனபோது, அவள் நகர்ந்து இன்னொரு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

எழுபத்தொன்று சேர்த்த கட்டடங்களின் பட்டியலைக் கம்பெனி கடைசியில் ஒப்படைத்தது. எல்லாம் எண்களும் குறியீடுகளும். எந்த எண் எந்த ஊர், எந்தத் தெரு என்பது அவளுடைய பழைய நோட்டுகளில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டு எழுதியவளே அவள்தான். கமிஷன் அவளை வரிசையாக வாசிக்கச் சொன்னது. சாட்சிக் கூண்டில் நின்று வாசித்தாள். ஒரு பள்ளிக்கூடம். ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அடுக்குமாடிகள். முதல் நாள் நாகர்கோவிலில் தொடங்கி இராமநாதபுரம் வரைக்கும் வந்தாள். அறையில் மின்விசிறிச் சத்தமும் தட்டச்சுச் சத்தமும் தவிர வேறெதுவும் இல்லை. கேட்கக் கேட்கப் பழகிப்போய், இரண்டாம் நாள் மத்தியானம் நீதிபதிகூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்.

“நாகப்பட்டினம். வெளிப்பாளையம் பக்கம், புது ஆசிரியர் குடியிருப்பு. சி ப்ளாக், ஏழு மாடி.”

தட்டச்சு நின்றது.

அடுத்த முகவரியைச் சொல்ல வாயெடுத்த குமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இரண்டு நாளில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றிருந்தன.

“மேடம்,” என்றாள். “எந்த ப்ளாக்னு சொன்னீங்க?”

“சி ப்ளாக்.”

அந்தப் பெண் நீதிபதியைப் பார்க்கவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். மணி அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. நாலு தடவை அடித்தது, ஐந்து தடவை அடித்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

“அம்மா,” என்றாள் அவள். “எங்க இருக்க? சரி, இல்ல, ஒண்ணுமில்ல. அடுப்பை அணைச்சுட்டு உடனே கீழ இறங்கும்மா. ஏன்னு கேக்காத.”